வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரியைக் கட்டுவது எப்படி: பர்மா முனையில் பணியாற்றிய உறவினரின் நினைவாக ஒரு முழுமையான வழிகாட்டி

1942 டிசம்பர் 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரனும், அதே நாளில் விசாகப்பட்டினத்தில் 7ஆம் ஸ்குவாட்ரனும் தொடங்கப்பட்டன. இரண்டுக்கும் அளிக்கப்பட்டது வல்ட்டி வெஞ்சன்ஸ் என்னும் அமெரிக்க விமானம். ஏறக்குறைய செங்குத்தாகத் தலைகுப்புறப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, ஒற்றை எஞ்சினும் இரண்டு இருக்கைகளும் கொண்ட இந்த விமானத்தோடு 8ஆம் ஸ்குவாட்ரன் 1943 டிசம்பரில் சிட்டகாங் பகுதிக்குச் சென்று பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் போர்முனையில் இறங்கியது. 7ஆம் ஸ்குவாட்ரன் 1944 மார்ச் முதல் அசாமின் சில்சார் வட்டாரத்திலிருந்து பறந்து, இம்பால், கொஹிமா சண்டைகளில் தரைப்படைக்குத் துணை நின்றது. அந்த ஆண்டின் நடுப்பகுதியோடு வெஞ்சன்ஸின் போர்ப்பணி முடிந்தது. 7ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனுக்கும் 8ஆம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயருக்கும் மாறின.

இந்தப் படைப்பிரிவுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் பறந்தவர்கள் அல்லர். எஞ்சின் ஃபிட்டர், உடற்பகுதியைப் பராமரிக்கும் ரிக்கர், குண்டும் துப்பாக்கியும் ஏற்றும் ஆர்மரர், வயர்லெஸ் மெக்கானிக், ஸ்டோர்ஸ் எழுத்தர் என்று தரையில் உழைத்தவர்களே அதிகம். உங்கள் தாத்தாவோ பெரியதாத்தாவோ அப்படிப்பட்ட ஒருவராக இருந்தால், கடையில் கிடைக்கும் பெட்டியின் மேலட்டைப் படத்தைப் போல வானில் சீறிப் பாயும் விமானத்தைச் செய்து வைப்பதால் அவருடைய பணி கண்ணில் படாது. எஞ்சின் மூடி திறந்து, சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, குண்டுத் தள்ளுவண்டி பக்கத்தில் நிற்க, தூசி படிந்த தரையில் காத்திருக்கும் விமானமே அவருடைய விமானம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளது. அவர் விமானியாகவோ நேவிகேட்டராகவோ இருந்திருந்தாலும் முறை பெரிதாக மாறாது; மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் படி: கத்தியை எடுக்கும் முன் காகிதங்களை எடுங்கள்

மாதிரி கட்டுபவர்கள் பெரும்பாலும் கிட்டை (தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வரும் மாதிரித் தொகுப்பை) வாங்கிவிட்டுப் பிறகு ஆராய்ச்சி செய்கிறார்கள். நினைவுக்காகச் செய்யும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்த ஸ்குவாட்ரன், எந்த மாதம், எந்தத் தளம், என்ன தொழில் என்ற நான்கு கேள்விகளுக்கும் இயன்றவரை விடை கண்ட பிறகுதான் விமானத்தின் வண்ணமும் எண்ணும் முடிவாகும்.

வீட்டில் தேட வேண்டியவை: பணிவிடுவிப்புச் சான்றிதழ், சம்பளப் புத்தகம், பயிற்சிச் சான்றுகள், கடிதங்கள், குழுப் புகைப்படங்கள், பதக்கங்கள். பதக்கத்தின் விளிம்பிலும் பின்புறத்திலும் பெயரோ எண்ணோ பொறிக்கப்பட்டுள்ளதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் நடுவே அகன்ற சிவப்புப் பட்டையும், இருபுறமும் கருநீலமும், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருக்கும். அந்த நாடா வீட்டில் இருந்தால் அவர் பர்மா போர்க்களத்துக்குரிய பகுதியில் பணியாற்றினார் என்று கொள்ளலாம். ஆனால் எந்தப் பிரிவில் என்பதை நாடா சொல்லாது. புகைப்படங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஊர்ப்பெயரும் தேதியும் பல நேரங்களில் முன்புறத்தைவிட மதிப்புள்ளவை. படத்தை ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

வீட்டுக்கு வெளியே முதன்மையான ஆதாரம் ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேடு. பிரிட்டிஷ் விமானப்படை முறையில் இது இரண்டு படிவங்களாக இருக்கும். படிவம் 540 அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். படிவம் 541 ஒவ்வொரு பறப்பையும் விமான எண், பறந்தவர்கள், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் ஆகியவற்றோடு தரும். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன் பதிவேடுகள் ஏர் 27 என்ற வரிசையில் உள்ளன. இந்தியத் தரப்பில் டெல்லியில் உள்ள பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவை அணுகலாம். விமானியோ நேவிகேட்டரோ என்றால் படிவம் 541இல் அவருடைய பெயரே இருக்கும். எந்த விமானத்தில் எந்த நாளில் பறந்தார் என்பதும் கிடைத்துவிடும். ஃபிட்டரின் பெயர் அதில் வராது. ஆனால் அவர் இருந்த மாதத்தில் அந்த ஸ்குவாட்ரன் எந்தெந்த எண்ணுள்ள விமானங்களை இயக்கியது என்ற பட்டியல் அதிலிருந்தே கிடைக்கும். அவற்றுள் ஒன்றை அவர் கை தொட்டிருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

குடும்பத்தில் வழங்கும் கதைகளை எழுதி வையுங்கள். அவற்றுக்கு எதிரே எந்த ஆவணம் அவற்றை உறுதி செய்கிறது என்ற ஒரு பத்தியையும் விட்டு வையுங்கள். அறுபது ஆண்டுகளில் ஆர்மரர் விமானத்தில் பறந்து சுடும் கன்னராகவும், கன்னர் பைலட்டாகவும் பதவி உயர்வு பெறுவது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். ஆவணம் சொல்லும் பணி அதைவிடச் சிறியதாகத் தோன்றினாலும் அதையே கட்டுங்கள்.

அளவும் கிட்டும்

வெஞ்சன்ஸின் இறக்கை விரிவு 14.63 மீட்டர், நீளம் ஏறத்தாழ 12.1 மீட்டர். 1:72 அளவில், அதாவது அசலின் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், இது 20.3 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமும் ஆகும். 1:48 அளவில் முப்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நடுத்தர உயரமுள்ள மனிதர் 1:72இல் இரண்டேகால் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை இருப்பார். 1:48இல் மூன்றரை சென்டிமீட்டர் இருப்பார். எஞ்சினைத் திறந்து காட்டுவதும் மனித உருவங்களை வைப்பதும் நம் நோக்கம் என்பதால், மேசையில் இடமிருந்தால் 1:48 நல்லது. முதன்முறையாகக் கட்டுபவர் 1:72இல் தொடங்கலாம்.

1:72இல் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனத்தின் கிட்டும், 1:48இல் உக்ரைனின் டோரா விங்ஸ் கிட்டும் அறியப்பட்டவை. பழைய பிரிட்டிஷ் ஃபிராக் கிட் எங்காவது பெட்டியோடு கிடைக்கலாம். சேகரிப்பாளருக்கு அது பொக்கிஷம், கட்டுபவருக்கு அது கூடுதல் உழைப்பு. இவை இந்தியாவில் எப்போதும் கடையில் இருப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அஞ்சல் கட்டணத்தையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அசிட்டோன் கலந்த பசையும் பெயின்ட்டும் விமான அஞ்சலில் சிக்கல் தரக்கூடும் என்பதால் அவற்றை உள்நாட்டிலேயே வாங்குவது மேல்.

வாங்கும்போது ஒன்றில் கவனம் தேவை. பர்மாவில் போரிட்டவை மார்க் 1, 1ஏ, 2, 3 ஆகிய வகைகள். வெளித்தோற்றத்தில் இவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஏ-35 அல்லது மார்க் 4 என்று பெட்டியில் போட்டிருப்பது பின்னால் வந்த வகை. அதன் இறக்கை உடலோடு பொருந்தும் கோணம் வேறு, துப்பாக்கிகளும் பருமனானவை. நம் தேவைக்கு அந்தப் பெட்டி ஆகாது.

கருவிகள்

ஸ்ப்ரூ கட்டர் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து அவற்றை வெட்டும் கருவி), மாற்று அலகுள்ள ஹாபி கத்தி, 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள், நுண்முனை இடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், ரெசின் மற்றும் உலோகப் பாகங்களுக்குச் சூப்பர் குளூ, மாதிரிகளுக்கான பட்டி, மாஸ்கிங் டேப், இரண்டு மூன்று நல்ல தூரிகைகள் ஆகியவை போதும். ஏர்பிரஷ் இருந்தால் வண்ணம் சீராக வரும். இல்லாவிட்டால் மெல்லிய பூச்சுகளாகத் தூரிகையால் பூசினாலும் இந்த விமானத்தின் மங்கலான இருவண்ண மறைப்புக்கு அது பொருந்தும்.

கட்டுவதற்கு முன்

ஸ்பெஷல் ஹாபி, டோரா விங்ஸ் போன்றவை குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் கிட்டுகள். பாகங்களைச் சரியாகப் பொருத்தும் முளைகள் பல இடங்களில் இருக்காது. ஸ்ப்ரூவோடு சேரும் கழுத்து தடிமனாக இருக்கும். ஓரங்களில் பிசிறு இருக்கும். எனவே எல்லாச் சட்டங்களையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி, பிசிறை நீக்கி, பசை இல்லாமல் பொருத்திப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். கழுத்தைப் பாகத்துக்கு ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுப்பது பாதுகாப்பு. ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போது நீரில் நனைத்துத் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

விமானி அறை

வெஞ்சன்ஸின் கண்ணாடிக் கூடாரம் நீளமானது. உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரியும். முன்னால் விமானி, பின்னால் இரட்டைத் துப்பாக்கியோடு நேவிகேட்டர்-கன்னர். உங்கள் உறவினர் பறந்தவர் என்றால் நேரத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். இருக்கைப் பட்டைகளை மெல்லிய ஈயத் தகட்டிலோ மாஸ்கிங் டேப்பிலோ செய்து சேர்ப்பதும், கருவிப் பலகையின் முகப்புகளில் ஒரு சொட்டுப் பளபளப்பு வார்னிஷ் வைப்பதும், தரையில் உலர் தூரிகையால் தேய்மானம் காட்டுவதும் நல்ல பலன் தரும். உள்நிறத்துக்குக் கிட்டின் குறிப்பையும் நீங்கள் திரட்டிய புகைப்படங்களையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். அமெரிக்கத் தொழிற்சாலையில் உருவானது என்பதால் பிரிட்டிஷ் விமானங்களின் உட்பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள்.

தரைப்பணியாளருக்கான மாதிரியில் கூடாரத்தைத் திறந்த நிலையில் வைத்து, இருக்கைகளை வெறுமையாக விடுங்கள். நகரும் கண்ணாடிகளை வெட்டிப் பிரிக்க வேண்டியிருந்தால் பின்புறமிருந்து ஒட்டுநாடா இட்டு, மெல்லிய வாளால் மெதுவாக அறுங்கள். கத்தியால் அழுத்தினால் தெளிந்த பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இறக்கை: இந்த விமானத்தின் குணம் இங்கேதான் இருக்கிறது

வெஞ்சன்ஸை மேலிருந்து பார்த்தால் இறக்கையின் உட்பகுதி பின்னோக்கிச் சாய்ந்து, வெளிப்பகுதி வேறு திசையில் திரும்பும். ஆங்கில எழுத்து டபிள்யூவை ஒத்த வடிவம். வடிவமைப்பின்போது எடைமையத்தைக் கணக்கிடுவதில் நேர்ந்த பிழையைச் சரிசெய்ய, இறக்கை முழுவதையும் மறுபடி வடிவமைப்பதற்குப் பதிலாக நடுப்பகுதியைப் பின்னோக்கிச் சாய்த்ததால் வந்த தோற்றம் இது. இதன் விளைவாக ஒரு கண்மயக்கம் உண்டாகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படங்களில், இறக்கை ஸ்டூக்கா என்னும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையைப் போல முதலில் கீழிறங்கிப் பிறகு மேலேறுவதாகத் தோன்றும். உண்மையில் வெளிப்பகுதிகள் மட்டும் வழக்கம்போல மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. படத்தைப் பார்த்து ஏமாந்து நடுப்பகுதியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் பிறகு திருத்த இயலாது. முன்பக்கத்து நேர்காட்சி வரைபடத்தை உங்கள் அளவுக்கு அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, இறக்கையின் அடிக்கோட்டின் வழியே வெட்டி, இருபுறமும் ஓர் அட்டைத் தாங்கி செய்துகொள்ளுங்கள். பசை முழுதாக இறுகும்வரை இறக்கை அந்தத் தாங்கியில் ஓர் இரவு இருக்கட்டும். இரண்டு நுனிகளுக்கும் மேசைக்கும் உள்ள உயரம் சமமா என்பதை அளவுகோலால் சரிபாருங்கள்.

இன்னொரு தனித்தன்மை, உடலின் அச்சோடு இறக்கை பொருந்தும் கோணம். மார்க் 1 முதல் 3 வரை அது பூஜ்யம். செங்குத்தாகப் பாயும்போது இறக்கை விமானத்தை வழியிலிருந்து விலக்காமல் இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். அதனாலேயே கிடைமட்டமாகப் பறக்கையில் இந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. இறங்கும்போது விமானிக்கு முன்னே தெரிவது குறைவு. மாதிரியில் இறக்கையின் வேர் உடலில் சேரும் கோட்டைப் பக்கவாட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டு, முன்விளிம்பு மேலேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளையில்லாத கிட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தோற்றம் மார்க் 4இன் பக்கம் போய்விடும். சேர்க்கும் இடத்தில் உலோகக் கம்பியால் முளை செய்து துளையிட்டுப் பொருத்தினால் வலிமையும் கூடும்.

இறக்கையின் மேலும் கீழும் உள்ள டைவ் பிரேக்குகள் (பாயும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்புகள்) சட்டகம் போன்ற அமைப்பு கொண்டவை. தரையில் நிற்கும் விமானத்தில் இவற்றை மூடிய நிலையில் வைப்பதே எளிது; ஆர்மரருக்கோ ரிக்கருக்கோ ஆன மாதிரியில் சோதனைக்காகத் திறந்ததாகக் காட்டலாம்.

இது வால்சக்கரம் உள்ள விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை.

எஞ்சின்: ஃபிட்டரின் இடம்

விமானத்தை இயக்கியது ரைட் நிறுவனத்தின் ஆர்-2600 சைக்ளோன் எஞ்சின். இரண்டு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு சிலிண்டர்கள், 1,600 குதிரைத்திறன். இந்தியாவின் வெப்பத்திலும் தூசியிலும் இந்த எஞ்சின் பராமரிப்பாளர்களைப் படாதபாடு படுத்தியது. எண்ணெய் ஊறும் எஞ்சினைக் கூரையில்லாத வயல்வெளி ஓடுதளத்தில் நின்று சரிசெய்தவர்களின் உழைப்பைக் காட்ட வேண்டுமானால், மூடியைத் திறந்து வைப்பதே வழி.

கிட்டின் மூடி ஒரே வளையமாகவோ இரண்டு மூன்று துண்டுகளாகவோ வரும். ஒரு பக்கத்துப் பலகத்தை மட்டும் பொருத்துக்கோட்டின் வழியே அறுத்து எடுத்து, உட்புறத்தை உப்புத்தாளால் மெலிதாக்குங்கள். தகட்டின் தடிமன் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிய வேண்டும். எடுத்த பலகத்தைத் தரையில் சாய்த்தோ பெட்டியின் மேலோ வைக்கலாம். எஞ்சினில் சிலிண்டர்களுக்கு மங்கிய அலுமினியமும், முன்னுள்ள கியர் உறைக்கு இளஞ்சாம்பலும் அடித்து, கருப்பு-பழுப்பு கலந்த நீர்த்த வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிடுங்கள். ஸ்பார்க் பிளக் கம்பிகளை மெல்லிய செம்புக் கம்பியால் சேர்க்கலாம். பழைய இயர்போன் ஒயரைப் பிரித்தால் ஏராளமாகக் கிடைக்கும். பின்புறத்து எண்ணெய்க் குழாய்களை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டியதில்லை. ஆதாரப் படத்தில் பளிச்சென்று தெரியும் நான்கைந்து குழாய்களைச் சரியான இடத்தில் வைத்தால் போதும். புரொப்பெல்லர் மூன்று அலகுடையது: கருப்பு, நுனியில் மஞ்சள்.

ஆர்மரருக்கு என்றால் இதே கவனத்தைக் குண்டறைக்குத் தாருங்கள். உள்ளே இரண்டு 500 பவுண்டு குண்டுகளும், இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு 250 பவுண்டு குண்டும் வழக்கமான சுமை. குண்டுகள் அடர்பச்சை, மூக்கருகே மெல்லிய சிவப்பு வளையம். ஒன்றைத் தள்ளுவண்டியில் வைத்து, குண்டறைக் கதவுகளைத் திறந்து விடலாம்.

இணைப்புகளும் பிரைமரும்

உடலின் இரு பாதிகளைச் சேர்த்த இடம், இறக்கை வேர் ஆகியவற்றில் பட்டியிட்டு, உலர்ந்ததும் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். தேய்ப்பில் அழிந்த பலகக் கோடுகளை ஊசியால் மீண்டும் கீற வேண்டும். கண்ணாடிப் பகுதிகளின் சட்டங்களை மாஸ்க் செய்த பிறகு சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பிரைமர் வண்ணத்துக்குப் பிடிப்பைத் தருவதோடு, மறைந்திருக்கும் இடைவெளிகளையும் காட்டிக் கொடுக்கும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழப்பவர்களே அதிகம்.

வண்ணம்

மேற்புறம் பிரிட்டிஷ் மறைப்பு முறையில் டார்க் எர்த் என்னும் மண்பழுப்பும் டார்க் கிரீன் என்னும் கரும்பச்சையும், அடிப்புறம் வெளிர்நிறம். ஹம்ப்ரால் வரிசையில் இவை முறையே 29, 30 எண்கள். மிஸ்டர் ஹாபியில் எச் 72, எச் 73. அடிப்புறம் ஸ்கை எனப்படும் வெளிர்பச்சை சார்ந்த நிறமா, அமெரிக்கத் தொழிற்சாலை கையாண்ட வெளிர்சாம்பலா என்பது மாதிரியாளர்களிடையே தீராத வாதம். கறுப்பு-வெள்ளைப் படத்தை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைத் தேர்ந்தாலும் சற்று வெளுத்துப் போனதாக, ஒரு துளி வெள்ளை கலந்து அடித்தால் வெயிலில் கிடந்த விமானத்துக்குப் பொருந்தும்.

அடிப்புறத்தை முதலில் அடித்து மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, பழுப்பை மேற்புறம் முழுவதும் அடித்து, பச்சைத் திட்டுகளை வரைபடத்தைப் பார்த்துப் பென்சிலால் மெலிதாகக் கோடிட்டு நிரப்புங்கள். திட்டுகளின் ஓரம் 1:72இல் ஏறக்குறையக் கூர்மையாகவே இருக்கட்டும்.

நம் ஊர்க் காலநிலைக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. மழைக்காலத்தில் லாக்கர் வகை வண்ணம் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெண்புகை போலப் பூத்துவிடும். ஈரம் குறைந்த நண்பகலில் அடிப்பதும், மெதுவாக உலரும் ரிட்டார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துவதும் இதற்கு மருந்து. கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏர்பிரஷ் பிடிக்க வேண்டாம். கோடையில் சிக்கல் எதிர்மாறானது: அக்ரிலிக் வண்ணம் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். கட்டி முடிக்காத மாதிரியை வெயில் படும் சன்னலோரத்திலோ பூட்டிய காரிலோ வைத்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

அடையாளக் குறிகள்

கால ஆராய்ச்சியின் பயன் இங்கே தெரியும். ஐரோப்பாவில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக்குறியில் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடும் என்பதால் இந்திய, பர்மா முனைகளில் 1943இல் சிவப்பை நீக்கினார்கள். தென்கிழக்காசியப் படைத்தலைமை அமைந்த பிறகு கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்ற குறியே வழக்கமானது. வால் துடுப்பின் பட்டையும் அதே இரு நீலங்கள். எனவே திருச்சியில் 1942 டிசம்பரில் தொடங்கிய காலத்து விமானமும், 1944 பிப்ரவரியில் அரக்கானில் நின்ற விமானமும் ஒரே குறியைத் தாங்கியிருக்க முடியாது. உங்கள் உறவினர் எந்த மாதத்தில் இருந்தார் என்ற கேள்வியை முதலிலேயே கேட்கச் சொன்னது இதனால்தான். குறியை மாற்றியபோது பழையதன்மேல் புது வண்ணம் அடித்த திட்டு சில படங்களில் தெரியும், அதையும் காட்டலாம்.

விமான எண் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்டது. பின்னுடலில் கருப்பில், எட்டு அங்குல உயரத்தில் எழுதப்பட்டது. 1:72இல் அது 2.8 மில்லிமீட்டர், 1:48இல் 4.2 மில்லிமீட்டர். கிட்டில் வரும் டெக்கல் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் குறிகள் கொண்ட தாளில்) உங்களுக்கு வேண்டிய எண் இருக்காது. எக்ஸ்ட்ராடெக்கல் போன்ற நிறுவனங்கள் பிரிட்டிஷ் எண்ணெழுத்துகளைத் தனித் தாளாக விற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக் கோர்க்கலாம். மாஸ்கிங் டேப்பில் ஒரு நேர்கோடு போட்டு, அதன் மேல் விளிம்பை அடித்தளமாகக் கொண்டால் எழுத்துகள் கோணாது.

டெக்கலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது கட்டாயம். மங்கிய பரப்பின்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வழுக்கி இறக்கி, பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுத்து, மென்மையாக்கும் திரவத்தைத் தடவிவிட்டுக் கைபடாமல் விட்டுவிடுங்கள்.

உறுதியான எண் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வழிகள் நேர்மையானவை. அந்த மாதத்தில் அந்த ஸ்குவாட்ரனில் இருந்ததாகப் பதிவேடு சொல்லும் ஏதேனும் ஓர் எண்ணை இட்டு, அது அவருடைய ஸ்குவாட்ரனின் விமானம் என்று மட்டும் பலகையில் எழுதலாம். அல்லது எண் எழுத வேண்டிய இடத்தில் தொங்கும் துணியோ ஏணியோ ஆளோ நின்று மறைக்கும்படி காட்சியை அமைக்கலாம். கற்பனை எண்ணை மட்டும் எழுதாதீர்கள். இரண்டு தலைமுறை கழித்து யாரோ ஒருவர் அதை ஆவணமாக எடுத்துக்கொள்வார்.

தூசியும் தேய்மானமும்

அரக்கான் முனைக்கான ஓடுதளங்கள் பல, அறுவடை முடிந்த நெல்வயலின் வரப்புகளைச் சமன்செய்து உலர்காலத்துக்கென்று அமைத்தவை. ஆகவே சக்கரத்திலும் அடிவயிற்றிலும் வெளிறிய மண்நிறத் தூசி, புகைபோக்கியின் பின்னே சாம்பல் கலந்த கறை, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் கோடுகள், இறக்கை வேரில் காலடிபட்டு உரிந்த வண்ணம் ஆகியவை பொருத்தம். முழு விமானத்தையும் துருப்பிடித்ததுபோல் ஆக்குவது இக்கால மாதிரியாளர்களின் மோகம், அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளும் துடைத்துப் பராமரித்த ஒருவரின் நினைவுக்காகச் செய்யும் விமானம் உழைத்ததாகத் தெரியலாம், கவனிப்பாரற்றதாகத் தெரியக்கூடாது. இறுதியில் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

தரையும் மனிதர்களும்

இருபத்தைந்துக்கு முப்பது சென்டிமீட்டர் மரப்பலகை 1:72க்குப் போதும். சல்லடையில் சலித்த மண்ணை ஃபெவிகாலில் கலந்து பூசி, வரப்பின் எச்சமாக ஓரத்தில் ஒரு மேட்டையும், அறுத்த நெல்தாளாகத் துடைப்பக் குச்சியின் மெல்லிய நுனிகளையும் நட்டால் இடம் எது என்று சொல்லாமலே புரியும்.

மனித உருவங்களில்தான் சிரமம் அதிகம். கிடைக்கும் பிரிட்டிஷ் விமானப்படைத் தரைப்பணியாளர் உருவங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குளிருக்கான நீலச் சீருடையில் இருக்கும். கால்சட்டையை முழங்காலில் கீறி அரைக்கால் சட்டையாக்குங்கள். கைப்பகுதியைத் தேய்த்து மடித்த சட்டையாக்கி, காக்கி நிறம் அடியுங்கள். இடுப்புக்கு மேல் வெற்றுடம்போடு வேலை செய்வதும் அந்த வெப்பத்தில் சாதாரணம். தோல் நிறத்துக்கு ஒரே பழுப்பைப் புட்டியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் அடிக்காதீர்கள். மாநிறம், கருமை, சிவந்த மாநிறம் என்று ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், ஏனெனில் அந்த ஸ்குவாட்ரனில் பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் ஒன்றாக நின்றார்கள். எஞ்சினருகே பெட்டியின் மேல் ஏறி நிற்கும் ஒருவர், கீழிருந்து கருவி நீட்டும் ஒருவர் என இருவர் போதும். கூட்டம் சேர்த்தால் கண் அலைபாயும்.

பலகை

பெயரை அவர் பணியில் எழுதியபடி எழுதுங்கள். முதலெழுத்துகளின் வரிசை மாறியிருந்தால் அதையும் அப்படியே வையுங்கள். பணி எண், தொழில், ஸ்குவாட்ரன், தளம், மாதமும் ஆண்டும் என்ற வரிசை போதும். "ராயல்" என்ற அடைமொழி இந்திய விமானப்படைக்கு 1945 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. வெஞ்சன்ஸ் காலத்துப் பலகையில் "இந்திய விமானப்படை" என்றே இருக்க வேண்டும். வீரதீரச் சொற்கள் வேண்டாம். "எஞ்சின் ஃபிட்டர், 8ஆம் ஸ்குவாட்ரன், டபுள் மூரிங்ஸ், 1944 ஜனவரி" என்ற வரி தானே நிற்கும் (டபுள் மூரிங்ஸ் சிட்டகாங் பகுதியில் இருந்த தளம்). அடித்தளப் பலகையின் கீழே ஓர் உறையை ஒட்டி, நீங்கள் திரட்டிய ஆவண நகல்களையும், எது ஆவணம், எது குடும்பக் கதை, எது உங்கள் ஊகம் என்று பிரித்து எழுதிய ஒரு தாளையும் அதில் வையுங்கள். மூலப் புகைப்படங்களையும் பதக்கங்களையும் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், நகல்களே போதும்.

உலகில் முழுமையாக எஞ்சியிருக்கும் வெஞ்சன்ஸ் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நாரெல்லனில் உள்ள கேம்டன் வானூர்தி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது ஒன்றே. இந்தியாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆதலால் நீங்கள் கட்டியதைப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ காட்சிக்குக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். எடுத்துச் செல்ல வசதியாக, விமானத்தைத் தரையோடு சக்கரங்களில் ஊசிமுளை வைத்துக் கழற்றி மாட்டும்படி அமைத்திருப்பது நல்லது. நிரந்தரமாக வைக்கும் இடத்தில் நேர்வெயில் படக்கூடாது. டெக்கலின் வெள்ளை மஞ்சளாகும், நீலம் வெளிறும். அக்ரிலிக் பெட்டியின் அடியில் பூச்சி நுழையாதபடி நுரைப்பட்டை ஒட்டி, உள்ளே ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.